பூப் போட்ட கை

“அம்மாவுக்கு ரொம்ப முடியலக்கா. நான் வேலைய விட்டுட்டு ஊருக்கே போயிடறேன்.”

சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள். ஓவனிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரம்மா, தட்டை மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகக் கையுறையைக் கழற்றினார்.

“என்ன பண்ணுது அம்மாவுக்கு?”

“மூச்சு வாங்குதாம். முந்தாநாள்லேர்ந்து படுத்த படுக்கையாக் கிடக்காங்களாம்.”

“முந்தாநாள்லேர்ந்தா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “சரி. புரொபேஷன்ல இருக்கிற ஆள நான் பிடிச்சு வைக்க முடியாது. பிளேன்ல குளிரும், ஸ்வெட்டர் இருக்கா?”

திட்டியிருந்தால் தேவலை. பொய் சொன்ன வாய் அவளுக்குக் கசந்தது. அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள், மாடிவீட்டுக்காரியோடு குப்பைக்குச் சண்டை பிடிக்கும் தெம்போடு.

விஷயம் வேறு. இந்த அயல்நாட்டுக் கடைக்கு ஆள் எடுத்தபோது, கேக்கின் மேல் க்ரீமில் பூப் போடுவதை வீடியோவாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முகம் வேண்டாம், கை தெரிந்தால் போதும் என்றார்கள். தங்கையின் போனிலிருந்து வீடியோ போனது. அதில் தெரிந்த கையும் தங்கையுடையதுதான்.

வேலைக்கு ஆசைப்பட்டதும் தங்கைதான். ஆனால் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். “மூத்தவ வீட்டுல குத்துக்கல்லா இருக்க, சின்னவ முந்திக்கிட்டு கடல் தாண்டுறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க?” கடைசியில் கை சின்னவளுடையது, பாஸ்போர்ட் பெரியவளுடையது என்று ஆனது.

“போய்ப் பழகிக்கக்கா. ரோஜாப்பூதானே” என்றாள் தங்கை.

ரோஜாப்பூதான். இவள் கையில் அது முட்டைக்கோஸாக மலர்ந்தது. ராத்திரி அறையில் பற்பசையைப் பிதுக்கிக்கூடப் பழகிப் பார்த்தாள். முட்டைக்கோஸ் கொஞ்சம் சின்னதானது, அவ்வளவுதான்.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, சேர்ந்த நாளிலிருந்தே பேக்கரிக்காரம்மா அவளைக் கல்லாவில் நிறுத்திவிட்டார். வலிக்கிற மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு பூ வேலையைத் தானே செய்தார். அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்கத்தான் ஆளே எடுத்தது. அதைப் பார்க்கப் பார்க்க இவளுக்குத் தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை.

நேற்றுக் கடை மூடும்போது அவர் சொன்னார். “நாளன்னைக்குப் பெரிய கல்யாண கேக்கும்மா. பூவ நான் தொடப்போறதில்ல. இனி இந்தக் கை தாங்காது.”

மடியில் கனம் இருப்பவளுக்கு அது போதாதா? அறைக்குப் போனதும் தங்கையைக் கூப்பிட்டாள். போன் அணைந்து கிடந்தது. போன வாரம் “உன்னாலதான்டி எனக்கு இந்தத் தலையெழுத்து” என்று இவள்தான் தங்கையிடம் கத்தியிருந்தாள். அந்தக் கோபம் தங்கைக்கு இன்னும் ஆறவில்லை போலும். திரும்பத் திரும்பப் போட்டும் அணைந்தேதான் கிடந்தது. விடிந்ததும், நன்றாக இருந்த அம்மாவைப் படுக்கையில் தள்ளிவிட்டு வேலைக்கு வந்தாள்.

பேக்கரிக்காரம்மா ஒரு கேக்கைப் பெட்டியில் வைத்து மூடினார். “க்ரீம் இல்லாதது. ஊர் போற வரைக்கும் தாங்கும். அம்மாகிட்ட குடு.”

பெட்டிக்கு நூல் கட்டப் பார்த்தார். மணிக்கட்டு வளையவில்லை. நூல் நழுவியது, மறுபடியும் நழுவியது. அவள் வாங்கிக் கட்டப்போனாள். முடிச்சு விழவில்லை, கண்ணை மறைத்துக்கொண்டு தண்ணீர் வந்துவிட்டது.

“அக்கா, அம்மா நல்லாத்தான் இருக்காங்க.”

“ம்.”

“அந்த வீடியோல பூப் போட்டது நான் இல்லக்கா. என் தங்கச்சி. எனக்குப் பூப் போடவே வராது.”

பேக்கரிக்காரம்மா நூலைச் சுருட்டி வைத்தார். “வீடியோல பார்த்தது இடது கை. நீ முதல் நாள் கையெழுத்துப் போட்டது வலது கையில.”

அவளுக்குக் காது மடல் எரிந்தது. இத்தனை நாளும் சோற்றுக்குள் மறைத்ததாக நினைத்த பூசணிக்காய், இலையில் முழுசாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

“தெரிஞ்சுமா வச்சிருந்தீங்க?”

“அனுப்பத்தான் இருந்தேன். அன்னைக்குச் சாயங்காலமே, கேக்கு கோணலா இருக்குன்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தாரே. உன் பேச்சுல மயங்கி இன்னொரு கேக்கும் வாங்கிட்டுல்ல போனாரு. கை இல்லாட்டிப் போகுது, வாய் இருக்கேன்னு விட்டுட்டேன்.”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, மேசைமேல் வைத்தாள்.

“இருந்தாலும் நான் போறேன்க்கா. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க முன்னாடி நிக்க முடியாது. நாளைக்குப் பூப் போட ஆளில்லாம உங்களையும் மாட்டி விட்டுட்டேன். நல்லா இருக்கிற அம்மாவ வேற நோயாளி ஆக்கிட்டேன். எந்த வாயால அவங்ககிட்ட பேசுவேன்?”

பேக்கரிக்காரம்மா ஏப்ரனை எடுத்து உதறி, அவள் தோளிலேயே போட்டார்.

“உங்கம்மா நேத்து எங்கிட்ட நல்லாத்தாம்மா பேசினாங்க, சின்னவள இங்க வர்ற பிளேன்ல ஏத்தி விட்டுட்டு.”