பல்லிக்கு முந்தி

கரப்பான்பூச்சிகளைப் பிடிக்க நகராட்சி தந்த பல்லி, பழக்கியவரின் குரலுக்கு மட்டுமே சுவரை விட்டு இறங்கும். எங்கள் வீட்டில் அது என் மனைவி தமயந்தியின் குரல். சாயங்காலம் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, "வாடா என் ராசா, சாப்பிட வா" என்பாள். என்னிடம் "சோறு வச்சிருக்கு" என்பதோடு சரி.

அவள் இறந்த பிறகு பல்லி இறங்கவில்லை. அவளுடைய அஞ்சறைப் பெட்டி மேல் கரப்பான்கள் மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தன. பல்லிகளைப் பராமரிக்கும் ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

"உங்க குரலுக்கு மாத்திடலாம் சார். ஆனா அக்கா குரல் அதுக்கு மறந்துடும்."

"மறக்கட்டும். அது என்ன பெரிய ராசாவா?"

"பல்லி மேலயா சார் பொறாமை?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "அக்கா குரல் போன்ல இருக்கா?"

இருந்தது. பல்லியைக் கூப்பிட்ட அந்த ஒரு வரி மட்டும்.

இப்போது சாயங்காலமானால் சமையலறை ஸ்பீக்கர் அவள் குரலில் தானாகக் கூப்பிடுகிறது. கரப்பான்கள் சிதறி ஓடுகின்றன. பல்லி இறங்கி வருகிறது. அந்த அழைப்பு எனக்கில்லை என்று தெரியும். தெரிந்தும், கூடத்திலிருந்து எழுந்து, பல்லிக்கு முந்திப் போய் நிற்கிறேன்.