சொல்ல வந்த இடம்

காரை நிறுத்தச் சொல்லி மிதுனா பின்னாலிருந்து கத்தினாள்.

வீதியோரத்து பேர்ச் மரங்களெல்லாம் மஞ்சளாக நிற்க, நடுவில் ஒரு மரம் மட்டும் குங்குமம் கரைத்து ஊற்றியதுபோல் சிவந்திருந்தது.

உதயகுமாரி ஓரமாக நிறுத்தினாள். வரதராசா மகளோடு இறங்கிப்போய் ஜாக்கெட் பை நிறைய இலை பொறுக்கி வந்தார். இலையோடு சேறும் காருக்குள் வந்தது. அவள் காரை எடுத்தாள்.

குளிர்கால டயர் மாற்றியாயிற்றா என்று கேட்டார். அடுத்த கிழமை என்றாள். பனி விழும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றார்.

லார்கொல்லனில் கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. கோடையில் கால்வைக்க இடமில்லாத கரையில் இப்போது நாயோடு நடக்கும் ஒரு கிழவி மட்டுந்தான்.

காற்றுப் படாத பாறை மறைவில் விரிப்பைப் போட்டு, விடியவே எழும்பிப் பொரித்த ரோல்ஸை எடுத்து வைத்தாள். அவர் கைநீட்டி வாங்கியபோது மணிக்கூடு மணிக்கட்டில் தளர்ந்து கிடந்ததைக் கண்டாள். இன்னொன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

மிதுனா தன் புதிய டிஜிட்டல் கமராவைக் கிழவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொஞ்சம் நெருங்கி நிற்கும்படி கிழவி சொல்ல, மிதுனா இரண்டு பேரையும் இரண்டு கையாலும் இழுத்துத் தன்னோடு ஒட்டவைத்தாள். அழகான குடும்பம் என்றாள் கிழவி. இருவரும் ஒரே நேரத்தில் நன்றி சொன்னார்கள்.

பிறகு மிதுனா சிப்பி பொறுக்கத் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டாள்.

ஒஸ்லோவிலிருந்து மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்த வசனம் ஒன்றும் உதயகுமாரிக்கு வாயில் வரவில்லை. வருகிற சித்திரையில் குகதாசனுக்கும் தனக்கும் கலியாண எழுத்து என்று மட்டும் சொன்னாள்.

வரதராசாவும் அவளும் பிரிந்து இரண்டு வருடமாகிறது. ஒஸ்லோவிலேயே அவர் எல்லிங்ஸ்ருட் பக்கம், அவளும் மகளும் குரோருட் பக்கம். பள்ளிக்கூட இலையுதிர்கால விடுமுறையில் ஒரு நாள் மூவருமாக எங்காவது போவதென்று பிரியும்போதே பேசிவைத்திருந்தார்கள்.

அவர் கோப்பையைக் கைகளுக்குள் உருட்டி உருட்டித் தேத்தண்ணியைக் குடித்தார். பிள்ளையோடு குகதாசன் நல்ல மாதிரியா என்று கேட்டார். ஓம் என்றாள்.

பிள்ளைதான் பிரச்சினை என்றும் சொன்னாள். குகதாசன் வந்தால் அவரோடு விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் போனதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேட்டால், அப்பா பாவம் என்பாள். அவளிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வரதராசா கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"பிள்ளைக்கு நான் சொல்லுறன், குமாரி. என்ரை வாயாலை கேட்டால் அவள் பயப்பிடமாட்டாள்."

ஈரப்பாறையில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தார். மகளுக்கு முன்னால் குந்தியிருந்து கதைத்தார். காற்று இந்தப் பக்கம் ஒரு சொல்லையும் கொண்டுவரவில்லை. மிதுனா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்டாள். அவர் சிரித்தபடி தலையாட்டினார். அவளுடைய தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, முதுகில் தட்டி அனுப்பினார்.

அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அம்மா, அப்பாக்கு நல்ல சந்தோசமாம். உங்களிட்டைச் சொல்லச் சொன்னவர்."

முகத்தில் அப்படியொரு நிம்மதி. எத்தனை நாளாக இதைச் சுமந்துகொண்டு திரிந்தாளோ.

உதயகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அங்கேயே, முதுகைக் காட்டிக்கொண்டு, கப்பல் ஒன்றுமில்லாத கடலைப் பார்த்தபடி நின்றார்.

அப்பாவைக் கூட்டிவருகிறேன் என்று திரும்ப ஓடப்போனாள் மிதுனா. உதயகுமாரி அவளுடைய கையை எட்டிப் பிடித்து, இழுத்து, தன் மடியில் இருத்திக்கொண்டாள்.