இரண்டாம் பக்கம்

“மூணு லட்சம்தான் ஜோலின். அதுக்கு மேல ஒரு டாலர் கிடையாது. என் கையால போட்ட கணக்கு!”

ஓர்வில் ஹாக்ஸ்டாட் சட்டைப்பை நோட்டை மேசைமேல் விரித்து வைத்தார். தீவன ஆலையின் அலுவலக அறை முழுக்க மக்காச்சோள மாவு வாசனை. சன்னலுக்கு வெளியே மினசோட்டாவின் ஜனவரிப் பனி லாரிச் சக்கரம்வரை ஏறியிருந்தது. ஆலையின் உரிமையாளர் ஜோலின், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நோட்டைப் பார்த்தாள்.

“கணக்கு தப்பு, ஓர்வில்.”

“எது தப்பு? அசல் ரெண்டு லட்சம். நூத்துக்குப் பத்து வட்டின்னா வருஷத்துக்கு இருபதாயிரம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு லட்சம். ஆக மூணு. இதுல தப்பு எங்க ஒளிஞ்சிருக்கு?”

“பள்ளிக்கூடத்துல கணக்குப் பாடம் நடக்கறப்ப உங்க பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தது?”

“வெர்னா.”

“அதான் பாடம் காதுல விழலை.”

ஓர்வில் சிரிக்கவில்லை. மனைவி பெயரைச் சொன்னதும் வீட்டு நினைவு வந்துவிட்டது. வெர்னாவின் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்காக அடமானம் வைத்த வீடு. மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் வங்கி எடுத்துக்கொள்ளும். இந்தக் கடன் மூன்று லட்சம்தான் என்று வைத்துக்கொண்டு, எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அவருக்கு இருபதாயிரம் துண்டு விழுந்தது.

ஜோலின் கடன் பத்திரத்தைப் புரட்டினாள். “இந்த ரெண்டாம் பக்கத்தைப் படிச்சீங்களா?”

“வக்கீல் எழுதினதை மனுஷன் படிப்பானா? கையெழுத்துப் போடற இடத்தை மட்டும் பார்த்தேன்.”

“வட்டி வருஷா வருஷம் ரொக்கமா கைமாற வேண்டாம்னுதானே பேச்சு? கைமாறாத வட்டி டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி அசலோட சேர்ந்துடும். முதல் வருஷம் இருபதாயிரம் சேர்ந்துச்சா, மறு வருஷம் அசலே ரெண்டு லட்சத்து இருபதாயிரம். அதுக்கு வட்டி இருபத்திரண்டாயிரம். அதையும் சேருங்க. இப்படியே அஞ்சு வருஷம்...”

கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள். 3,22,102.

“வட்டிக்கு வட்டியா!” ஓர்வில் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “எங்க அப்பா இருந்தா என்னை வாசப்படி ஏத்தமாட்டாரு. சர்ச்சுல எந்த மூஞ்சியோட போய் உட்காருவேன்?”

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.”

“கிழிச்சுப் போடும்மா. மூணு லட்சத்தோட முடிச்சுக்கலாம். நாம கைகுலுக்கிக்கிட்டா வக்கீல் என்ன பண்ணுவான்?”

“ஒரு சென்ட் குறைக்க மாட்டேன்.”

“பிடிவாதக்காரி!”

“யார் யாரைச் சொல்றது பாருங்க!”

ஓர்வில் மெல்ல உட்கார்ந்தார். கூடுதல் இருபத்திரண்டாயிரத்து நூற்றிரண்டு. அவர் உதடுகள் அந்தத் தொகையை ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்தன.

“அப்போ... வெர்னாவோட வீடு?”

“விஷயம் தெரியும் ஓர்வில். அதனாலதான் இந்தக் கணக்கை இன்னிக்கே முடிக்கணும்னு கூப்பிட்டேன்.”

ஜோலின் இழுப்பறையைத் திறந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தாள். மூன்று லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றிரண்டு டாலர் என்று நிறுத்தி நிதானமாக எழுதி, கையெழுத்திட்டு, கிழித்து அவரிடம் நீட்டினாள்.

“மூட்டை தைச்சுக்கிட்டிருந்த என்னை நம்பி இந்த ஆலையை வித்துட்டு, ‘ரெண்டு லட்சத்தை அஞ்சு வருஷம் கழிச்சு வட்டியோட கொடு’ன்னு சொன்னீங்களே, பிடிங்க முதலாளி!”