தண்ணிக்குப் பின்னால் ஒரு சங்கு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒற்றை அறை வாடகை வீட்டில், சாயங்கால வெயில் அடுப்பு மேடை வரைக்கும் வந்து கிடக்கிறது. முதல் ஷிப்ட் முடிந்து வந்த பூபதி, கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்திருக்கிறான். "போன்ல இடமே இல்லீங்க. அந்தப் பேச்சு ஆப்பை அழிச்சுரட்டுமா? பாப்பாதான் இப்ப வாய் ஓயாம பேசுதே" என்கிறாள் ரஞ்சிதா. அவன் போனை வாங்கி, அந்த ஆப்பிலிருக்கும் டம்ளர் படத்தைத் தொடுகிறான். "தண்ணி" என்கிறது அவனுடைய பழைய குரல். ஒட்டினாற்போல, அந்தப் பதிவிலேயே கம்பெனிச் சங்கும் ஊதுகிறது. மூன்று வயதாகியும் மகள் பேசாமலிருந்தபோது, வார்த்தைகளை அப்பா அம்மா குரலிலேயே பதியச் சொன்னார் பேச்சுப் பயிற்சி கொடுத்த மேடம். ஓவர்டைமில் கிடந்த அவனுக்குப் பதியச் சாப்பாட்டு இடைவேளைதான் வாய்த்தது; இடைவேளை முடிந்து ஊதிய சங்கும் சேர்ந்து பதிந்துவிட்டது. அதைக் கேட்டுக் கேட்டு தன்யா முதன்முதலாகச் சொன்னதே "தண்ணி ஊஊ" என்றுதான். சங்கும் சேர்ந்ததுதான் தண்ணீருக்குப் பெயர் என்று நினைத்துவிட்டாள். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாகூட "நீரு ஊஊ" என்றே அவளுக்கு டம்ளரை நீட்டுவார்.

வெளியே விளையாடிய தன்யா மூச்சிரைக்க உள்ளே ஓடி வருகிறாள். "அம்மா, தண்ணி!" அவ்வளவுதான், சுத்தமாகச் சொல்லிவிட்டாள். பூபதியின் காது இன்னும் காத்திருக்கிறது. பிறகு அவனே, மெதுவாக, "ஊஊ" என்கிறான். டம்ளருக்கு மேலாக அவள் அவனை விநோதமாகப் பார்க்கிறாள்.

"ஏம்ப்பா சங்கு மாதிரி ஊதற?"