ஆளுக்குப் பத்து நிமிடம்

வேன் இல்லை.

இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், தினமும் பள்ளி வேன் வந்து நிற்கிற இடத்தில், ஒரு நாய் படுத்திருந்தது. மகளைக் கையில் பிடித்தபடி அவள் மூச்சு வாங்க அதையே பார்த்தாள்.

போய்விட்டதா? நேற்றும் இப்படித்தான் கண் முன்னால் கோட்டை விட்டாள்.

"வேன் போயிடுச்சாண்ணே?"

இஸ்திரி போடுகிறவர் பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் நானே கடை விரிக்கலம்மா" என்றார்.

கைப்பையைக் கிளறிக் கைபேசியை எடுத்தாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

நேற்று சாயங்காலம், கணவன் குளிக்கப் போன நேரத்தில், ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தவள் அவள்தான். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மனசுக்குள் கழித்துக்கொண்டு, பழையபடி ஆடி அசைந்துதான் குளியலறையை விட்டு வருவான். காலையில் அடித்துப் பிடித்து ஓடியதில் அவளுக்கே அது மறந்துபோயிற்று.

சரி, அந்தப் பத்து நிமிடம் தெரிந்ததுதான். ஆனால் கைபேசி, வேன் வர இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்கிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது?

பைத்தியம் பிடித்திருப்பது கைபேசிக்கா, தனக்கா?

சும்மா நிற்க வேண்டியிருந்தது. அது அவளுக்கு வரவில்லை. குழந்தையின் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். அதற்கப்புறம் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அ... அம்மா" என்றாள் குழலி.

குழலி ஒன்றாம் வகுப்பு. அவளுக்குப் பேச்சு சட்டென்று வராது. முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். நின்றால் என்ன, மிச்சத்தை அம்மா சொல்லி முடித்துவிடுவாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

"ப... ப..."

"பசிக்குதா?"

குழலி இல்லையென்று தலையாட்டினாள்.

"பயமா இருக்கா? மிஸ் திட்டினாங்களா?"

அதுவும் இல்லை.

இந்த 'ப' இன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. ஒரு வாரமாகவே, இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் இதுதான். பசிக்கலையா, பால் வேண்டாமா என்று எதையாவது சொல்லி முடித்து வைத்துவிட்டு, அவள் தலைவாரப் போய்விடுவாள். 'ஒரு இட்லியை எத்தனை நேரம்டி மெல்லுவே' என்று இன்று காலையில்கூட ஓர் அதட்டல் போட்டிருந்தாள்.

இப்போது அவளிடம் வேறு வார்த்தை கைவசம் இல்லை. வேனும் வரவில்லை.

பேசாமல் நின்றாள்.

குழலி அம்மாவின் வாயைப் பார்த்தாள். அது மூடியே இருந்தது. குழந்தைக்கே ஒன்றும் புரிந்திருக்காது. கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

நாய் எழுந்தது. சோம்பல் முறித்துவிட்டு மறுபடி படுத்தது.

"ப... ப... பல்லு ஆடுதும்மா."

தெருவென்றும் பாராமல் அவள் மண்டி போட்டாள். விரலை உள்ளே விட்டாள். கீழ் வரிசையில் முன்பல். தொட்டதும் சாய்ந்தது. மெல்லும்போது வலித்திருக்கும்.

முதல் பல்.

குழலி சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை அணைத்துக்கொண்டாள். இஸ்திரிக்காரர் பார்ப்பதுபோல் இருக்கவே, முகத்தைக் குழந்தையின் தோளில் வைத்துக்கொண்டாள். அப்படி எவ்வளவு நேரம் இருந்தாளோ, வேன் வந்து ஹார்ன் அடித்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்து குழலி தலையை நீட்டினாள்.

"அம்மா, நா... நாளைக்கு..."

பழக்கதோஷம், அவள் வாய் திறந்துகொண்டது. கஷ்டப்பட்டு மூடினாள். அதற்குள் வேன் நகர்ந்துவிட்டது.

நாளைக்கு என்ன? வேலைக்குக் கொண்டுபோகும் தன் சாப்பாட்டுப் பையை எடுக்க மாடி ஏறும்போது முழுக்க யோசித்தாள். எதை வைத்து முடித்தாலும் பொருந்தவில்லை. இத்தனை காலம் தான் முடித்து வைத்ததில் எதெல்லாம் குழந்தை சொல்ல வந்தது, எதெல்லாம் தானே சொன்னது? பிரித்துப் பார்க்கத் தெரியாமல் வாசலிலேயே நின்றாள்.

உள்ளே கணவன் ஸ்டூல் மேல் நின்றிருந்தான். ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கையில் கைபேசி. முகத்தில் அசடு வழிந்தது.

"நேத்து வேனை விட்டோமேன்னு, நீ மாவு வாங்கப் போனப்போ நான் பத்து நிமிஷம் தள்ளி வச்சேன். நீயுமா வச்ச? இரு, சரி பண்ணிடறேன்."

"வேண்டாம், இறங்குங்க. நாளைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"ஏன், நாளைக்கு என்ன?"

"தெரியலை" என்றாள். "அவதான் சொல்லணும்."