இடது பக்கச் சத்தம்

"எல்லாத்தையும் மாத்தச் சொல்றீங்க, அதை மட்டும் விடச் சொல்றீங்க. ஏன் சார்?"

ஜாக்கில் நின்ற காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார் மெக்கானிக் அக்கா.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே அக்கா" என்றார் லைப்ரரியன்.

மேடு பள்ளம் வந்தால் போதும், அந்தக் காரின் முன் இடது பக்கம் 'கடக் கடக்' என்று அடிக்கும். சக்கரத்துப் பக்கம் இருக்கும் லிங்க் ராடு என்ற இரும்புத் தண்டு தேய்ந்து தொளதொளத்துப் போயிருந்தது. தெருமுனையில் கார் திரும்பும்போதே, வருவது யார் என்று ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காருக்குத்தான் மனிதர் காயிலோவர் வாங்கி வந்திருந்தார். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த செட். உயரத்தையும் இறுக்கத்தையும் வேண்டியபடி திருகி வைத்துக்கொள்ளலாம். இளவட்டங்கள் காரைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்ட வாங்குகிற சாமான். ஐம்பது வயது லைப்ரரியனுக்கு இது எதற்கு என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை.

"குலுங்காம மெத்துனு போகணும் அக்கா. அவ்வளவுதான்."

"மெத்துனு போகணும்னா பழைய புஷ், மவுண்டிங், லிங்க் ராடு எல்லாமே மாறணும். இல்லன்னா புதுச் சட்டைக்குள்ள கிழிஞ்ச பனியன் போட்ட கதைதான்."

"மத்ததெல்லாம் மாத்துங்க. அந்த லிங்க் ராடை மட்டும் தொடாதீங்க. அந்தச் சத்தம் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

பார்ட்ஸ் கவுன்டரில் இருந்த அக்காவின் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நாள் முழுக்க 'சத்தம் போடாதீங்க'ன்னு சொல்ற உத்தியோகம். காருக்கு மட்டும் சத்தம் வேணுமாம். ஆளுக்கு மறை கழண்டு போச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தன் கையில் வேலை பார்த்த கார் கடகடத்துக்கொண்டு தெருவில் போவதா? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு இல்லையா?

கேட்காமலே புது லிங்க் ராடைப் போட்டார். பில்லில் எழுதவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. வழக்கம்போல, கழற்றிய பழைய சாமான்களைச் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்தார். கார் பூனை மாதிரி போயிற்று. அன்றைக்கு அக்காவுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் லைப்ரரியன் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தப் பழசையே திரும்பப் போட்டுடுங்க அக்கா."

அக்காவுக்குத் தலை சுற்றியது.

"எங்கேயாவது இடிக்குதா சார்?"

"இல்ல."

"ஸ்டியரிங் இழுக்குதா?"

"இல்ல. ரொம்ப நல்லா போகுது. அதான் கஷ்டம்."

"நல்லா போறது கஷ்டமா? எனக்கு ஒரு எழவும் புரியல சார். கழட்டின பழசைத் திரும்ப மாட்டுற வேலையை நான் செய்யமாட்டேன். எதுவா இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லுங்க."

அவர் என்னவோ சொல்ல வந்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டுக் கார்க் கதவைத் திறந்தார்.

"சொன்னா புரியாது. வண்டியில ஏறுங்க அக்கா."

பத்து நிமிடத்தில் அவர் வீடு வந்தது. வாசலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. கார் சத்தமே இல்லாமல் ஏறி இறங்கி நின்றது. அக்காவுக்கு அப்போதும் உள்ளுக்குள் பெருமைதான்.

கேட்டுக்கு உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் தட்டு மூடியபடி இருந்தது. லைப்ரரியனின் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இன்னிக்கும் மாமா ஒரு வாய்கூடச் சாப்பிடலைங்க" என்றார் கணவரிடம்.

லைப்ரரியன் குனிந்து, "அப்பா, நான் வந்துட்டேன்பா. சாப்பிடலாமா?" என்றார்.

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"என் மகன் இன்னும் வரலீங்க. அவன் வந்ததும்தான் சாப்பிடுவேன். வண்டிச் சத்தம் கேட்கும். நீங்க அப்புறமா வாங்களேன்."

லைப்ரரியன் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு வருஷமாச்சு, என் முகம் அவருக்கு மறந்துபோய். அந்தச் சத்தம் மட்டும்தான் மறக்கல. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப குலுங்கினா முதுகு வலிக்குதுன்னு அழறார். அதுக்குத்தான் காயிலோவர்."

கஞ்சன் என்று நினைத்த மனிதரை ஏறிட்டுப் பார்க்கவே அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

"டிக்கியைத் திறங்க" என்றார்.

சாக்கை அவிழ்த்துப் பழைய லிங்க் ராடை எடுத்தார்.

"இதை மாட்டமாட்டேன் சார். அப்பாவை ஏத்திட்டுப் போற வண்டி. ஒரு துண்டுக் கம்பி இருந்தா குடுங்க."

சேலையைச் செருகிக்கொண்டு தரையில் படுத்தார். சக்கரத்தில் படாத இடமாகப் பார்த்து, முன் பம்பருக்குப் பின்னால் அதைத் தொங்கவிட்டுக் கட்டினார்.

வேகத்தடையில் ஏற்றிப் பார்த்தார்கள். 'டங்' என்றது. அக்கா உதட்டைப் பிதுக்கினார். கம்பியை இறுக்கினார். 'டொக்.' பழைய துணியைக் கிழித்து ஒரு சுற்று சுற்றினார்.

"தெருமுனை வரைக்கும் போய்ட்டு வாங்க சார்."

கார் போய்த் திரும்பியது. வேகத்தடையில் ஏறி இறங்கியது.

கடக் கடக்.

பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தட்டுத் தடுமாறி வந்து கேட்டைத் திறந்தார்.

"இத்தனை நாளா எங்கடா போயிருந்தே? வா, சாப்பிடலாம்."