டெஸ் மோந்து பார்க்கும் டப்பா

கெல்வின் திருடினார். அதுவும் முப்பது வருஷ சிநேகிதன் டெஸ் வீட்டில்.

டெஸ் டீ போட உள்ளே போயிருந்தார். மற்ற மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். தோட்டத்துக் கொட்டகையில் கெல்வின் மட்டும்தான். மேல்தட்டிலிருந்த தகர டப்பாவைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு திரும்பினால், வாசலில் டெஸ்ஸின் மனைவி கோரலி, இடுப்பில் கை வைத்தபடி!

"என்னப்பா கெல்வின், வயிறு ஒரு பக்கமா வீங்கியிருக்கு? டாக்டர்கிட்ட காட்டினியா?"

கெல்வின் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

டப்பாவில் இருப்பது டெஸ்ஸின் அப்பா விட்டுப்போன புகையில்லா வெடிமருந்து. ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊரைச் சேர்ந்த இந்த ஐந்து பேரில் ஒருவரும் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. அந்தக் கறுப்பு மணிகள் எப்படிப் புகையே இல்லாமல் எரிகின்றன, வருஷக்கணக்கில் எப்படிக் கெடுகின்றன என்று பேசியே பொழுதைக் கழிக்கும் ரசாயனப் பைத்தியங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு கூடுவார்கள். டெஸ் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, ஒரு தடவை மோந்து பார்ப்பார். "நல்லா இருக்கு" என்பார். நோட்டில் எழுதிக்கொள்வார். மருந்து கெட்டால் காரமாய்ப் புளிப்பு வாடை அடிக்கும். கவனிக்காமல் விட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அந்த மூக்கு சொன்ன பிறகு இன்னொருத்தர் மூக்கை நீட்டுவது மரியாதை இல்லை என்பது அவர்கள் வழக்கம்.

"திருடறியா? வெக்கமா இல்லே உனக்கு?"

"மெதுவாப் பேசு கோரலி, அவன் காதுல விழப்போவுது. உன் புருஷனுக்கு மூக்கு வேலை செய்யலை."

கோரலி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னிக்கு நம்ம கூட்டத்து வால்டர் ஏதோ கலக்கி, அழுகின முட்டை நாத்தம் கொடலைப் புடுங்கிடுச்சு. நாங்க நாலு பேரும் விழுந்தடிச்சு வெளியே ஓடறோம். இவன் மட்டும் குந்திக்கிட்டு, 'ஏன்டா ஓடறீங்க, பாம்பா?'ன்னு கேக்கறான்! இந்த டப்பா கெட்டா அவனுக்கு எப்படித் தெரியும்? கொட்டகையோட வீடும் போயிடும். மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசொடைஞ்சு போயிடுவான். அந்த மூக்குதான் அவனோட பெருமையே. அதான் திருடறேன். திட்டணும்னா திட்டிக்கோ."

கோரலிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட மக்குப் பயலே! அதை இப்படிக் குடு."

டப்பாவைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றாள். கெல்வின் அலறியே விட்டார்.

"கத்தாதே. கறுப்புக் கசகசா. கேக்குல போடறது."

"என்னது?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜுரம் வந்துதே, அப்பவே மூக்கு போச்சு. என்கிட்டகூட மறைச்சார். அடுப்புல ரொட்டி கருகிப் போவுது, மனுஷன் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கறார். நீங்க பேசறதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி ரசாயனம் தெரியும். மருந்தை நனைச்சு, புல்லுல மெல்லிசாத் தூவிட்டேன். அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டார். நீ வாயைத் திறந்தே, அவ்வளவுதான்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக் வெட்ட உள்ளே போனாள்.

கெல்வின் டப்பாவை மேல்தட்டில் வைக்கக் கையைத் தூக்கும்போது, டீக் கோப்பைகளோடு டெஸ் வந்து நின்றார்.

"இருந்த இடத்துலயே வெச்சுடுடா. கசகசாதானே, ஒண்ணும் ஆவாது."

டப்பா கை நழுவப் பார்த்தது.

"உனக்குத் தெரியுமா?"

"திடீர்னு ஒரு பக்கத்துப் புல்லு மட்டும் பச்சைப்பசேல்னு வந்தா, நைட்ரஜன் எங்கேர்ந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாதா? வெடிமருந்துல இருக்கிறதும் அதுதானே. பூதக்கண்ணாடியில ஒரு மணியை வெச்சுப் பார்த்தேன். முதல்ல கோவம்தான் வந்துது. எங்கப்பாவோடது இல்லியா? அப்புறம் யோசிச்சேன். மூக்கு போனதுலேர்ந்து எனக்கே அந்த டப்பாவைக் கண்டா பயம். தூக்கிப் போடத்தான் மனசு வரலை. அவ போட்டுட்டா."

கெல்வின் டப்பாவைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்போ மாசா மாசம் கண்ணை மூடிக்கிட்டு மோந்து பார்க்கிறது, நோட்டுல எழுதறது எல்லாம் யாருக்குடா?"

டெஸ் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரிஞ்சுடுமோன்னு முதல் ஞாயித்துக்கிழமையானா அந்த வாசல்ல வந்து நின்னுடறா, பாவம். நான் 'நல்லா இருக்கு'ன்னு சொன்னாதான்டா அவளுக்கு மூச்சே வருது."